அண்ணன் ஃபைபர் போட்ட ரௌட்டர்

என் தம்பி கல்ஃபுக்கு வெல்டிங் வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் அவனோடு பேசினோம், நைனா ஒருவரைத் தவிர. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் செல்லுக்கு அடிப்பான். நான் பேசுவேன், அண்ணன் பேசுவான், அண்ணி பேசுவாள். நைனா கட்டிலில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். போனை வைத்ததும், "இன்னா சொல்றான் சின்னவன்?" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்பார். நாங்கள் கையால் சொல்லுவோம். நல்லா இருக்கான், சாப்பிட்டான், வேலை ஜாஸ்தி. கையால் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நைனாவுக்குக் காது போனது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். முகத்துவாரக்குப்பத்தில் பிறந்து மீன் பிடித்தவர்தான். ஆற்றில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் இறங்கி மீன் குறைந்ததும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். ரிப்பேருக்கு வந்த கப்பல்களில் துரு தட்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலை. கப்பலின் அடித் தொட்டிக்குள் இறங்கி, ஆளாளுக்குச் சுத்தியலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இரும்பைத் தட்ட வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவார். பஞ்சு எந்த மூலைக்கு? சில வருஷத்தில் சுத்தமாகக் கேட்காமல் போனது. படிப்பும் கிடையாது, கையெழுத்து மட்டும் போடுவார். "எழுதிக் காட்டேன்" என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் நிறைய. அந்த யோசனையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் சர்க்கரை வந்தது. முதலில் வலது கால் விரல்களை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. அடுத்தது கண். கண் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "உள்ள ரத்தம் கசியுதும்மா. இது எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. ஏதாவது பாக்கணும்னு ஆசை இருந்தா இப்பவே பாத்துக்கச் சொல்லுங்க." ஊருக்கு வந்த சர்க்கஸ் கிளம்பப்போகிறது என்பது போலச் சொன்னார். நைனா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாமே சொல்றாரு டாக்டரு?"

நான் கண்ணில் சொட்டு மருந்து விடுவது போலக் கையைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் திடீரென்று, "சின்னவன் எப்ப வருவான்?" என்றார். தம்பியின் பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. காண்டிராக்ட் முடிகிற வரைக்கும் விடமாட்டார்கள். இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்று காட்டினேன். "அதுக்குள்ள கண்ணு பூடும் போல கீதே" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். நைனாவின் கண் போவதற்குள் தம்பியின் முகத்தை அவருக்குக் காட்ட வேண்டும். போட்டோ இல்லை, அசைகிற முகம், கை ஆட்டுகிற முகம். இருவருக்கும் பேச்சே கையும் முகமும்தான்.

தம்பி தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் வாசலில் கேமரா வைத்த கம்ப்யூட்டர் கடை இருந்தது. எங்கள் பக்கம் எண்ணூர் மெயின் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டு, நைனாவை ஆட்டோவில் ஏற்றி அங்கே கூட்டிப் போனேன். அட்டைத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். காற்று வராது. நைனாவின் கால் புண் கட்டிலிருந்து வாடை அடித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்து அறையில் இருந்த இரண்டு காலேஜ் பையன்கள் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். சென்டர்காரர் நல்ல மனுஷன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஓர் ஊதுபத்தி கொளுத்தி எங்கள் அறை வாசலில் செருகினார். நைனாவுக்குக் காதுதான் கேட்காது. தம்பி லைனில் வருவதற்குள் எழுந்துவிட்டார்.

"வூட்டுக்குப் போலாம்மே. நாலு பேரு மூக்க மூடிக்கினு கீற எடத்துல நா என் புள்ள மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

அதற்கப்புறம் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. கெஞ்சினேன், கத்தினேன். கத்துவதில் என்ன பிரயோஜனம் என்று யோசிக்காமலே கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் நெட்டுக்குப் போகமாட்டார் என்றால் நெட் அவரிடம் வர வேண்டும். குப்பத்துக்குள் டெலிபோன் கேபிள் கிடையாது. உப்புக் காற்றில் ஒயர் நிற்காது என்றார்கள். செல்போன் நெட் அப்போது எழுத்தையே இழுத்து இழுத்துத்தான் கொண்டுவரும், முகமெல்லாம் வராது. ஆனால் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சென்டர் இருந்த கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. அங்கே ஒரு ரௌட்டர், இங்கே ஒரு ரௌட்டர் வைத்து ஒன்றை ஒன்று பார்க்க வைத்தால் சிக்னல் வரும். சென்டர்காரரிடம் கேட்டேன். "என் மெஷினுங்க மக்கர் பண்ணா வந்து பாத்துக்குடு. மாடில இன்னா வேணா வெச்சிக்கோ" என்றார்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் போர்டுகளை ரிப்பேர் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். எண்ணூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறிப் போவேன். நாள் முழுக்க பூதக்கண்ணாடிக்குக் கீழே செத்த சிப்பைக் கழற்றி உயிருள்ள சிப்பை வைப்பதுதான் வேலை. "ஒரு வூட்டுக்கு மருமகளா போற கை மாதிரி இல்ல, நகை செய்ற தட்டான் கை" என்று அண்ணி கிண்டல் செய்வாள். சமையலில் எனக்கு அந்தக் கை கிடையாது என்பது அதன் உள்ளர்த்தம்.

சென்டர் பக்கத்துக்கு ஒரு ரௌட்டரைச் சுலபமாகத் தேற்றிவிட்டேன். வீட்டுப் பக்கத்து ரௌட்டரில்தான் சிக்கல். கடையில் விற்கிற ரௌட்டருக்கு ஒரு வேலைதான் தெரியும்: லைனில் வருகிற நெட்டைச் சுற்றிலும் காற்றில் விடுவது. தூரத்து ரௌட்டர் விடுகிற சிக்னலைப் பிடித்து உள்ளே வாங்கச் சொன்னால் வாங்காது. கம்பெனி அதற்குள் எழுதி வைத்திருக்கிற மென்பொருளில் அந்த வேலை இல்லை. ஆனால் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், முகம் பார்க்காமலே கூடி, அதே பெட்டிக்கு வேறு மென்பொருள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாக வைத்திருந்தார்கள். அதைப் போட்டால் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் அடைந்து கிடக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். திறந்து பார்த்தால் வயிற்றெரிச்சல். அதே மாடலில் முதலில் வந்த பெட்டிகளில் மெமரி தாராளமாக இருக்கும். பின்னால் வந்ததில் அதைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார்கள். வெளியே அதே மூஞ்சி, அதே இரண்டு ஆன்டெனாக் கொம்பு. புது மென்பொருள் உள்ளே நுழைய இடமில்லை. வேறு யாராவது என்றால் அங்கேயே விட்டிருப்பார்கள். எனக்குச் சிப் மாற்றுவது சோறு போடுகிற தொழில்.

கம்பெனியில் கழித்துப் போட்ட போர்டுகளிலிருந்து பெரிய மெமரி சிப்புகளைக் கழற்றினேன். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில், சூடான காற்று ஊதுகிற துப்பாக்கியால் ரௌட்டரின் பழைய சிப்புகளை எடுத்தேன். கால்கள் உட்காருகிற இடங்களைச் சுத்தம் செய்து, புதியதை வைத்து, ஒவ்வொரு காலாக ஈயம் வைத்தேன். எறும்புக் கால் மாதிரிதான் இருக்கும். ஒரு காலும் பக்கத்துக் காலும் ஒட்டினால் போச்சு. புதுச் சிப் வெறுமையாக இருக்கும். விழித்துக்கொள்வதற்கே அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதற்கென்று போர்டின் ஓரத்தில் விட்டு வைத்திருந்த ஓட்டைகளில் ஒயர் பற்றவைத்து, கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் செருகுகிற வாய் வழியாக அந்த ஆரம்பப் பாடத்தை ஏற்றினேன். நான் மற்ற வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அது மணிக்கணக்கில் ஊர்ந்து ஏறியது.

இன்னொரு பக்கம் மூன்று கம்பி பற்றவைத்தால், பெட்டி தனக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் திரையில் எழுத்தாகப் பார்க்கலாம். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு கால் சரியாகப் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்துத் திரும்பத் தொட்டேன். அடுத்த தடவை கறுப்புத் திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. மெமரி இவ்வளவு என்று பெரிய எண்ணைச் சொல்லியது. புது மென்பொருளைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. சந்தோஷத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மறந்துவிட்டேன்.

வீட்டில், போண்டா வடிக்கிற பெரிய கம்பிச் சல்லடை ஒன்றைத் தட்டாக வைத்து அதன் நடுவில் ஆன்டெனாவை நிறுத்தினேன். பெட்டியை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, அடியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, மாடிக் கம்பத்தில் கட்டினேன். அண்ணன்தான் கம்பம் நட்டான். "இன்னாமே இது, சல்லடையில மீன் புடிக்கிற மாதிரி கீது" என்று சிரித்தான். அண்ணனுக்குப் படகு வேலை. மீன் பிடிக்கப் போகாத நாளில் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுவான். கழித்துப் போட்ட சாமான்களைச் சேர்த்து நான் வீட்டில் செய்து வைத்திருந்த கம்ப்யூட்டரில் அன்றைக்குச் சாயங்காலம் முதல் பக்கம் திறந்தது. நைனாவுக்குக் கேமராவைக் காட்டி, தம்பி என்று காட்டி, வெள்ளிக்கிழமை என்று காட்டினேன். அவர் அண்ணியைக் கூப்பிட்டு முகச்சவரம் செய்ய ஆள் வரச் சொல்லு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் குப்பத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு மரப் படகெல்லாம் போய் ஃபைபர் போட்டுகள் வந்தன. கூடவே ரெசின் பசைக் கேன்களும் கண்ணாடி நார்ப் பாய்களும் வந்தன. போட்டில் விரிசல் விட்டால் அந்தப் பாயை வைத்து ரெசினைத் தடவினால் கல் போல இறுகிவிடும், பொட்டுத் தண்ணீர் இறங்காது. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு கிறுக்கு. உடைந்த பக்கெட்டுக்கு ஃபைபர், ஓட்டைக் குடத்துக்கு ஃபைபர், கோயில் மைக் செட் கூம்புக்கும் ஃபைபர். ஒருவர் தன் ரப்பர் செருப்பின் அடிக்கே போட்டுக்கொண்டு கட்டை மாதிரி நடந்தார். வெளியே இருக்கிற எந்தச் சாமானையும் உப்பும் சாம்பலும் தின்றுவிடும். தின்னாமல் இருக்க வேண்டுமென்றால் ஃபைபர் போட வேண்டும். பிரியமான பொருள் என்றால் இரண்டு கோட்டிங்.

அந்தப் பிரியத்தை அண்ணன் என் ரௌட்டருக்குக் காட்டினான்.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தேன். கடல் காற்று தூக்கலாக இருந்ததாம். டப்பாவின் அடியில் ஓட்டையைப் பார்த்திருக்கிறான். தங்கச்சிக்கு அவசரம், அடைக்க மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறான். கம்பத்தில் ஏறி, ஓட்டை, மூடி, ஒயர் நுழைகிற இடம் எல்லாவற்றிலும் பாய் சுற்றி ரெசின் பூசிவிட்டான். அவசரத்தில் கொஞ்சம் தண்ணியாகக் கலந்தது மூடி இடுக்கு வழியாக உள்ளேயும் வடிந்திருக்கிறது. நான் வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது, மாடிக்கு ஏறவில்லை. "நீ கவலயே படாதே. ஊசி போற எடம் வுடல. இனிமே மழ இன்னா, பொயலே வந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்று அண்ணன் சோறு தின்றுகொண்டே சொன்னான். கம்பத்தைத்தான் இறுக்கியிருக்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை நைனா காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் நெட் வந்தது. வெயில் ஏற ஏற விட்டு விட்டு வந்தது. தம்பி வருகிற நேரத்துக்குச் சுத்தமாக நின்றது. மாடிக்கு ஓடினேன். கம்பத்தில் என் டப்பா இல்லை. பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஏதோ ஒரு கட்டி இருந்தது. தொட்டேன், கை சுட்டது.

கீழே இறக்கி, இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடு வைத்து அண்ணனே அறுத்தான். போர்டு தண்ணீரில் நனையவில்லை, உண்மைதான். நான் ஒவ்வொரு காலாகப் பற்றவைத்த சிப்புகளின் மேல் ரெசின் வடிந்து கெட்டியாகியிருந்தது. கரண்ட்டைச் சீராக்குகிற இடத்தில் போர்டு கருகியிருந்தது. பெட்டிக்கும் மூச்சு வேண்டும் என்று இவனுக்கு யார் சொல்வார்கள்? போட்டுக்கு மூச்சு வேண்டாம். அவன் அதைப் போட்டு மாதிரி பார்த்துக்கொண்டான்.

இதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுவது. அன்றைக்கு நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். "உனக்கு இன்னா தெரியும்னு கைய வெச்ச? நைனா கண்ணு பூட்டா உன் ஃபைபர எட்த்து அதுல அப்புவியா?" என்று கேட்டேன். அண்ணன் பிளேடைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். நைனா எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்து, "இன்னா ஆச்சு? இன்னாடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அறுத்த பெட்டியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். புரிந்திருக்கும். அவரும் கப்பல் பெயிண்ட் அடித்தவர்தானே. வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

அதற்குப் பிறகு அண்ணனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில், ஒரே குழம்பில் தின்றுகொண்டு பேசாமல் இருப்பது பெரிய கொடுமை. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அலைந்தேன். அந்த மாடல் கிடைக்கவில்லை. கிடைத்த மாடல்களுக்கு அந்த மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் வேலை நெருக்கடி, சூடு ஊதுகிற துப்பாக்கி என் கைக்குக் கிடைக்கவே இல்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. நைனா ஒரு காலையில், "கண்ணுல கறுப்பா நூலு தொங்குதுமே" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மறுபடி லேசர், மறுபடி கையை விரித்தார்கள்.

ஒரு சாயங்காலம் என் பாயின் மேல் ஒரு சிமெண்ட் சாக்கு கிடந்தது. உள்ளே நான்கைந்து செத்த ரௌட்டர்கள். கருகின பெட்டியைச் சாம்பிளுக்குப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணன் மணலியிலும் வியாசர்பாடியிலும் கப்பலில் வந்து இறங்குகிற பழைய கம்ப்யூட்டர் சரக்கைக் கொட்டிப் பிரிக்கிற கோடவுன் கோடவுனாக ஏறி இறங்கியிருக்கிறான். கடலுக்குப் போவதைக்கூட விட்டிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை, அண்ணிதான் சொன்னாள். அதில் ஒன்று அதே மாடல். கொம்பு உடைந்திருந்தது, உயிர் இருந்தது. சாக்கைப் பார்த்து நான் அழுதேன். போய் "அண்ணா" என்று கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

நைனாவுக்கு எங்கள் மௌனம் எப்படித் தெரிந்தது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். சத்தத்திலேயே வாழாத மனுஷனுக்குப் பேச்சு நின்றது எப்படித் தெரியும்? உதடுகள் அசையாததைப் பார்த்திருப்பார். ஒருநாள் கால் கட்டை மாற்றும்போது என் கையைப் பிடித்து, "பெரியவன் மேல கோவம் வெச்சிக்காத. நல்லதுக்குத்தான் செஞ்சான். நா எப்பிடியும் பாத்துடுவேன், நீ வேணா பாரு" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரத்தில் அவர் டம்ளரை இரண்டு தடவை தட்டிவிட்டார். கேட்டதற்கு, "கொஞ்சம் மங்கலா கீது, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

சிப் மாற்றினேன். பாடம் ஏற்றினேன். எழுத்து ஓடியது. கொம்பு உடைந்த இடத்தில் ஒயர் பற்றவைத்துச் சல்லடைக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை பெட்டியை, தலைகீழாகக் கவிழ்த்த ஒரு பழைய குடத்துக்குள் தொங்கவிட்டேன். மேலே மழை படாது, கீழே திறந்திருக்கும். அண்ணன் தள்ளி நின்று பார்த்தான். கிட்டே வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மழை மூட்டம். கடல் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. நைனா அதே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நெட் வரும், காற்று சல்லடையைத் திருப்பும், போய்விடும். தம்பி லைனில் வந்து காத்திருந்தான். முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. நான் எழுந்து மாடிக்குப் போகத் திரும்பியபோது அண்ணன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். போய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். திரையில் முகம் கூடியது.

தம்பி கறுத்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தான். தாடி. ஓட்டை விழுந்த பனியன். கேம்பில் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் போல. நைனாவைப் பார்த்ததும் மீசையை முறுக்குவது போலக் காட்டினான். எங்கள் வீட்டுக் கை பாஷையில் அதுதான் ‘நைனா’. பிறகு வயிற்றைத் தட்டி, சாப்பிட்டியா என்று கேட்டான். நான் நைனாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தம்பியின் கை இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. நைனாவின் கண் எந்தப் பக்கமும் போகவில்லை. வெளிச்சம் வருகிற திசையைப் பார்த்து அப்படியே நின்றது.

"சதை போட்டுக்கீறடா" என்றார் நைனா, குப்பம் முழுக்கக் கேட்கும்படி. "நல்லா கீற. அந்த நீலச் சட்டை ஒனக்கு சோக்கா கீது."

தம்பியின் கை பாதியில் நின்றது. குனிந்து தன் பனியனைப் பார்த்தான். பிறகு திரையிலிருந்து என்னைப் பார்த்தான். 

மாடியிலிருந்து அண்ணன் கத்தினான். அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு. "தெரியுதாமே? நைனாவுக்குத் தெரியுதா?"

அந்தக் குரல் தம்பிக்கும் கேட்டது. அவன் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினான். தெரியுதுன்னே சொல்லு என்று அர்த்தம்.

"தெரியுதுண்ணா" என்று நானும் கத்தினேன். "நல்லாத் தெரியுது. சட்டை கலரு வரைக்கும் சொல்றாரு."

"அப்பிடியே பாக்கச் சொல்லு" என்றான். "எவ்ளோ நேரம் ஆனாலும் நா புடிச்சிக்கினே கீறேன்."

மழை வந்த பிறகும் அவன் கீழே இறங்கவில்லை.